முதுகில் வைத்த கை

ஜூன் 2, திங்கள்

என் யோகா வகுப்பில் எல்லோரையும் நாட்குறிப்பு எழுதச் சொல்லி நச்சரிப்பவள் நான். எத்தனை நிமிடம் அசையாமல் உட்கார்ந்தீர்கள், மூச்சு எப்படி ஓடியது, மனம் எங்கே போய்விட்டு வந்தது, மூன்று வரி போதும் என்பேன். சனிக்கிழமை பியூலா டீச்சர் சிரித்துக்கொண்டே, "நீங்க எழுதுதீங்களா பகவதி?" என்று கேட்டுவிட்டார். அதனால் இன்றிலிருந்து நானும்.

உட்கார்ந்தது பன்னிரண்டு நிமிடம். மூச்சு சீர். மனம் இருபத்தொன்றாம் தேதியில்.

அன்று யோகா தினம். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி மைதானத்தில் ஊரிலுள்ள யோகா வகுப்புகள் எல்லாம் சேர்ந்து செய்கிறோம். எங்கள் மாடி ஹாலிலிருந்து பதினான்கு பெண்கள், இரண்டு வரிசை. கடைசி ஆசனம் பச்சிமோத்தாசனம். காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிந்து, நெற்றி முழங்காலைத் தொட வேண்டும். பதின்மூன்று நெற்றிகள் தொடுகின்றன. பியூலா டீச்சருடையது ஒரு சாண் மேலேயே நின்றுவிடுகிறது. ஐம்பத்தொரு வயது. இருபத்தேழு வருடம் கரும்பலகை முன்னால் நின்று கணக்குப் பாடம் எடுத்த முதுகு. வகுப்புக்கு வந்தே எட்டு மாதம்தான் ஆகிறது. குறை சொல்ல முடியாது. ஆனால் வரிசையில் ஒரு தலை மட்டும் துருத்திக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் கண் அங்கேதான் போகும்.

வாரம் ஓர் ஒழுக்கத்தைப் பலகையில் எழுதிப்போடுவது என் பழக்கம். இந்த வாரம் அகிம்சை. ஆசனம் வெளியே தெரிவது, இந்த ஒழுக்கங்கள்தான் உள்ளே இருந்து தாங்குவது என்று ஆரம்பித்தேன். அடுத்தவரை அடிக்காமல் இருப்பது மட்டும் அகிம்சை இல்லை, உடம்பு முடியாது என்று சொன்னால் அதையும் கேட்க வேண்டும் என்றேன். பேச்சு நன்றாக வந்தது. தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் செண்பகம் குறிப்பெடுத்துக்கொண்டாள்.

ஜூன் 5, வியாழன்

வகுப்பில் பியூலா டீச்சருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பச்சிமோத்தாசனத்தில் வேகமாகக் குனிந்துவிட்டார். ஆட்டோவில் கூட்டிப் போய் வீட்டில் விட்டேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். இரண்டு நாளில் சரியாகிவிடும்.

சாயங்காலம் ஹாலுக்குத் திரும்பிப் போய் விரிப்புகளைச் சோப்புத் தண்ணீரில் துவைத்தேன். பதினான்கையும். போன வாரம்தான் துவைத்திருந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

உட்கார்ந்தது நான்கு நிமிடம். அதுவும் நான்கு இருக்காது.

ஜூன் 7, சனி

இரண்டு நாளில் சரியாகவில்லை. இடது காலில் கெண்டைக்கால் வரை இழுக்கிறது என்றார். டீச்சருக்கு வீட்டில் யாரும் இல்லை. கணவர் இறந்து ஆறு வருடம். மகள் பெங்களூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். எலும்பு டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பில் ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். ஒரு மாதம் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது.

எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டார். டீச்சர் என்னைப் பார்த்தார். ஆசனத்தில் தன் சக்திக்கு மேல் இழுத்துவிட்டார் என்று சொன்னேன். யாராவது பிடித்து அமுக்கினார்களா என்று கேட்டார். கேட்டது டீச்சரிடம்தான். இல்லை என்று நான் சொன்னேன்.

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். வழக்கமாக நிற்பதுபோல.

ஜூன் 9, திங்கள்

பலகையில் சத்தியம் எழுதினேன். வழக்கமாகப் பத்து நிமிடம் பேசுவேன். இன்று இரண்டே வார்த்தை பேசிவிட்டுச் சூரிய நமஸ்காரம் பதினெட்டுச் சுற்று கொடுத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு படுத்துவிட்டார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

செண்பகம் விரிப்பைக் கடைசி வரிசைக்கு மாற்றிக்கொண்டாள். முன்பெல்லாம் டீச்சருக்கு அடுத்த விரிப்பு அவளுடையது. முன்வரிசைக்கு வா என்றேன். இங்கே காற்று வருகிறது என்றாள். காற்று எங்கேயும்தான் வருகிறது. ஆனி பிறக்கவில்லை, அதற்குள் மாடி ஜன்னல் ஒவ்வொன்றும் டமார் டமார் என்று அடித்துக்கொள்கிறது.

உட்கார்ந்தது மூன்று நிமிடம்.

ஜூன் 12, வியாழன்

ஒன்றை எழுதிவிடுகிறேன். அன்றைக்கு என் கை டீச்சர் முதுகில் இருந்தது. வைத்திருந்தேன். எந்தப் பக்கம் முதுகு நீள வேண்டும் என்று காட்ட எல்லா ஆசிரியர்களும் வைப்பதுதான். வைப்பது வேறு, அழுத்துவது வேறு.

மின்வாரியத்திலிருந்து என் வீட்டுக்காரர் சீக்கிரம் வந்துவிட்டார். என் முகம் சரியில்லை என்றார். தோசைக்கு ஊற வைக்க மறந்திருந்தேன், அதைச் சொன்னேன்.

ஜூன் 14, சனி

தினமும் மத்தியானம் டீச்சர் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு போகிறேன். ரசம் சாதம், புடலங்காய்க் கூட்டு, மோர். பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்று, கூடப்பிறந்தவர்கள்கூட இப்படிச் செய்யமாட்டார்கள் என்றார். நான் அவசரமாக உள்ளே போய்விட்டேன்.

டீச்சர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். வேண்டாம் என்றேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்.

"என்னால ஒங்களுக்கு எவ்வளவு சிரமம் பகவதி. யோகா தினம் வர்ற நேரத்துல. மன்னிச்சுக்கிடுங்க."

பாத்திரத்தைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று சமையலறைக்குப் போனேன். கழுவ ஒரே ஒரு தட்டுதான் இருந்தது. ரொம்ப நேரம் கழுவினேன்.

ஜூன் 16, திங்கள்

இந்த வாரம் அஸ்தேயம், திருடாமை. நாங்கள் என்ன திருடப் போகிறோம் மேடம் என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பொருளை எடுப்பது மட்டும் இல்லை, அடுத்தவர் தர விரும்பாத எதை எடுத்தாலும் திருட்டுதான் என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது.

பதினான்காவது இடத்துக்கு ஒரு கல்லூரிப் பெண் சேர்ந்திருக்கிறாள். உடம்பு ரப்பர் மாதிரி வளைகிறது.

ஜூன் 18, புதன்

உட்காரவில்லை. ஹாலில் மின்விசிறி இறக்கைகளைத் துடைத்தேன். பீரோவை இழுத்துப் பின்னால் கூட்டினேன். ஒரு இடத்தில் கை நிற்கமாட்டேன் என்கிறது.

ஜூன் 21, சனி

நன்றாக நடந்தது. பதினான்கு நெற்றிகளும் தொட்டன. பத்திரிகைக்காரர் கடைசி ஆசனத்தைத்தான் படம் எடுத்தார். கேடயம் கொடுத்தார்கள். மேடையில் அறிவிப்பாளர் என் வகுப்பைப் பற்றிப் பேசும்போது, இங்கே உடற்பயிற்சியோடு உள்ளொழுக்கமும் சொல்லித்தருகிறார்கள் என்றார். கைதட்டினார்கள்.

வீட்டுக்காரரும் வந்திருந்தார். திரும்பும்போது வண்டியில் எதற்கு அழுகிறாய் என்று கேட்டார். கண்ணில் தூசி என்றேன். இந்தக் காற்றில் அது பொய் இல்லை.

ஜூன் 23, திங்கள்

பலகையில் ஒன்றும் எழுதவில்லை. மார்க்கர் காய்ந்துவிட்டது என்று சொன்னேன்.

டீச்சர் வீட்டில் பத்திரிகைப் படத்தை வெட்டிக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாவை ஒட்டச் சொன்னாராம். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் காட்டினார். எனக்குக் கொடுத்து வைக்கவில்லை, அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டேன் என்றார்.

அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. இடது கால் பெருவிரல் மூன்று நாளாக மரத்திருக்கிறதாம். காலையில் செருப்பு கழன்றுபோனதுகூடத் தெரியவில்லையாம். ஏன் திடீரென்று என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்.

"தெனமும் காலைல கட்டில்ல உக்காந்து கொஞ்சங் கொஞ்சமா குனிஞ்சு பாக்கேன். ஒடம்பு எறுகிப் போனதாலதானே இப்படி ஆச்சு. தப்பாப் போட்ட கணக்கைத் திரும்பப் போட்டுப் பாத்தாத்தானே வரும்."

டாக்டர் குனியக் கூடாது என்றாரே என்று கத்திவிட்டேன். அவர் திகைத்துப் பார்த்தார். டாக்டருக்கு யோகா தெரியுமா, நீங்கள்தானே என் இறுக்கம்தான் காரணம் என்று சொன்னீர்கள் என்று கேட்டார். ஆமாம், சொன்னேன். ஆட்டோவில் அன்றைக்கே சொன்னேன்.

இனிமேல் குனியமாட்டேன் என்று சொல்ல வைத்துவிட்டுத்தான் வந்தேன். நம்பிக்கை இல்லை. பிடிவாதக்காரர்.

ஜூன் 24, செவ்வாய்

மறுபடி டாக்டர். விரலில் பலம் குறைந்திருக்கிறது, இரண்டு வாரம் பார்ப்போம், தேறாவிட்டால் அறுவைச் சிகிச்சை என்றார். டீச்சர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். என் பெயரும் காதில் விழுந்தது. எனக்காகவும் பண்ணுகிறார்.

ஜூன் 25, புதன்

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் செண்பகம் நின்றுகொண்டிருந்தாள். விரிப்பைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். ஆபீசுக்கு நேரமாகவில்லையா என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, அன்னைக்கு டீச்சர் போதும்னு சொன்னாங்க. ஒங்களுக்குக் கேக்கலையோன்னு நெனச்சுக்கிட்டேன். இத்தன நாளும் அப்பிடியே நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

விரிப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். படியிறங்கிப் போய்விட்டாள்.

ஜூன் 26, வியாழன்

நியமங்கள் என்ற ஐந்து ஒழுக்கங்களில் நான்காவது சுவாத்தியாயம், தன்னைத் தானே படிப்பது. அதற்காகத்தான் நாட்குறிப்பு எழுதுங்கள் என்று மற்றவர்களிடம் சொல்கிறேன். இன்று என்னுடையதை முதலிலிருந்து படித்தேன்.

ஐந்தாம் தேதி, வேகமாகக் குனிந்துவிட்டார். ஏழாம் தேதி, பக்கத்தில் நின்றேன். பன்னிரண்டாம் தேதி, கை முதுகில் இருந்தது. யாருக்கும் காட்டாத நோட்டு. இதிலேயே இப்படி என்றால்.

நடந்தது இது. ஒத்திகையில் கடைசி ஆசனம். எல்லோரும் குனிந்தாயிற்று. நான் டீச்சருக்குப் பின்னால் மண்டியிட்டு, இடது உள்ளங்கையை இடுப்புக்குச் சற்று மேலேயும் வலது உள்ளங்கையைத் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் வைத்தேன். ஆறு எண்ணுவதற்குள் நெற்றி தொட்டுவிடும் என்று தோன்றியது. முழங்காலைத் தரையிலிருந்து எடுத்தேன். எடுத்தால் என் பாரம் முழுவதும் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? அவர் போதும் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். கேட்டது. இன்னும் கொஞ்சம் டீச்சர் என்றேன். நெற்றி முழங்காலைத் தொட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்குள்ளேதான் அவர் முதுகில் ஏதோ விலகியது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. டீச்சர் கத்தியது அதற்குப் பிறகு.

இவ்வளவுதான். எழுத மூன்று வாரம் ஆகியிருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம் இல்லை, பயம். அந்தப் பெண் உன்னைப் பழி சொல்கிறாளா என்று கேட்டார். இல்லை, அவர் எனக்காக ஜெபம் பண்ணுகிறார் என்றேன். அப்படியென்றால் ஏன் வலியப் போய் மாட்டிக்கொள்கிறாய் என்றார். முப்பது வருடம் மின்கம்பம் ஏறிய மனிதர். விபத்து என்றால் அவருக்கு விசாரணைதான் முதலில் நினைவுக்கு வரும்.

"சாப்பாடு குடு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. காலம் முழுக்க வேணும்னாலும் செய். ஆனா வாயத் தொறக்காத."

அதைத்தானே மூன்று வாரமாகச் செய்துகொண்டிருக்கிறேன் என்றேன். டீச்சர் தினமும் காலையில் அந்தக் கட்டிலில் குனிந்துகொண்டிருக்கிறாரே, அதை யார் நிறுத்துவது என்று கேட்டேன். அவர் கை கழுவப் போய்விட்டார்.

ஜூன் 28, சனி

சாப்பாடு எடுத்துப் போகவில்லை. கையில் பாத்திரம் இருந்தால் அதையே சாக்காக வைத்துக்கொள்வேன்.

நாற்காலியைக் கட்டில் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நீங்கள் அவசரப்படவில்லை டீச்சர், நான்தான் அழுத்தினேன் என்றேன். முழுப் பாரத்தையும் போட்டேன் என்றேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வகுப்பில் பையன் தப்பாகச் சொல்லும் விடையைக் கடைசிவரை கேட்கிறவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் போதும் என்று சொன்னது எனக்குக் கேட்டது என்று சொன்னபோதுதான் அவர் கை கட்டில் சட்டத்தைப் பிடித்தது.

"சொன்னேனா நான்?"

"சொன்னீங்க டீச்சர்."

"சொன்னேன்ல." மூச்சை நன்றாக இழுத்து விட்டார். "சொன்னதா ஞாபகம் இருந்துச்சு. நீங்க டாக்டர்கிட்ட யாரும் அமுக்கலன்னதும், வலியில நானா நெனச்சுக்கிடுதேனோன்னு இருந்தேன். மூணு வாரம் பகவதி. எனக்குப் புத்தி பெசகிப் போச்சோன்னுகூட நெனச்சேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் அந்தப் படம் இருந்தது. அதைக் கிழித்துவிட்டுப் போகச் சொன்னார். கிழித்தேன். பசை ஒட்டிய இடத்தில் கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். கதவைச் சாத்தும்போது உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் போகத் துடித்தேன். போகவில்லை.

ஜூன் 30, திங்கள்

பலகையைத் துடைத்துவிட்டு வகுப்பில் எல்லோரையும் உட்காரச் சொல்லி, நடந்ததைச் சொன்னேன். நோட்டில் எழுதியிருக்கிற மாதிரியே, முழங்காலை எடுத்தது உட்பட. கேடயம் வாங்கியதும் அதனால்தானா என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றேன். இன்னொருத்தி எழுந்து தன் விரிப்பைச் சுருட்டினாள். அவளுக்குப் பின்னால் நான்கு பேர். கல்லூரிப் பெண்ணும் போய்விட்டாள்.

மீதி இருந்தவர்களுக்கு வகுப்பு எடுத்தேன். யாரையும் தொடவில்லை. வாயால் சொல்லியே எடுத்தேன். சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. எவ்வளவு காலமாகக் கையை நம்பியே பிழைத்திருக்கிறேன்.

செண்பகம் வந்திருந்தாள். கடைசி வரிசையிலேயே இருந்தாள்.

ஜூலை 2, புதன்

இன்று இன்னும் இரண்டு பேர் வரவில்லை. வீட்டுக்காரர் என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறார். சாதம் குழைந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

ஜூலை 4, வெள்ளி

டீச்சர் வீட்டுத் தெரு முனைவரை போய்விட்டுத் திரும்பினேன். இரண்டாவது தடவை. வர வேண்டாம் என்றார், வந்து நின்றால் அதுவும் அவர் சொன்னதைக் கேட்காததுதான்.

செண்பகம் ஆபீசுக்குப் போகும் வழியில் பார்த்துவிட்டு வருகிறாளாம். குனிவதை நிறுத்திவிட்டார் என்றாள். அது போதும். அது போதும் என்று எழுதுகிறேன், ஆனால் காலையிலிருந்து ஹாலுக்கும் மொட்டைமாடிக்குமாக ஏழெட்டுத் தடவை ஏறி இறங்கியாயிற்று.

ஜூலை 7, திங்கள்

சாயங்காலம் போன் வந்தது. டீச்சர். நலம் விசாரிக்கவில்லை. நாளை பத்து மணிக்கு டாக்டர், நீங்கள் வர வேண்டும், எந்த இடத்தில் எவ்வளவு பாரம், எந்தப் பக்கமாக என்று அவரிடம் நீங்களே சொல்ல வேண்டும் என்றார். சரி என்றேன். வைத்துவிட்டார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். வேண்டாம் என்று சொல்வார் என்று பார்த்தேன். சட்டையை மாட்டிக்கொண்டே, வண்டியில் கொண்டுவிடட்டுமா என்று கேட்டார். ஆட்டோவில் போய்க்கொள்கிறேன் என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போன தடவை நான் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் என்றார். திட்டியிருந்தால் தேவலை. டீச்சரின் காலைப் பிடித்து, விரலை மேலே தூக்கச் சொல்லித் தன் விரலால் எதிர்த்து அழுத்திப் பார்த்தார். போன தடவைக்கு இப்போது பலம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, குனிவதை விட்டதுதான் காரணம் என்றார். அறுவைச் சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம். ஆனால் இந்த மரத்துப்போன உணர்வு முழுக்கப் போகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். டீச்சர் தலையை ஆட்டினார். எழுந்து நிற்கவே நேரம் எடுத்தது.

அறையிலிருந்து வாசல்வரை நீளமான நடை. டீச்சர் கைத்தடி ஊன்றிக்கொண்டிருந்தார். இடது கால் தரையை உரசி வந்தது. அவர் முழங்கையைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க."

கையை இழுத்துக்கொண்டேன். அங்கேயே நின்றேன். நான்கு அடி போனவர், திரும்பாமல் சொன்னார்.

"பக்கத்துல வாங்க. பக்கத்துல மட்டும்."

போனேன். என் நடை எப்போதும் வேகம். முதல் கொஞ்ச தூரம் ஒவ்வொரு அடியிலும் அவரை முந்திவிட்டு நின்றேன். பிறகு அவர் கைத்தடி ஊன்றும் சத்தத்தைக் கேட்டு அடி எடுத்து வைத்தேன். நடுவில் அவர் சுவரில் சாய்ந்து நின்றபோது நானும் நின்றேன். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. சுற்றிலும் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

ஆட்டோவில் ஏறும்போது தடுமாறினார். என் கை எழுந்துவிட்டது. இறக்கினேன். அவரே கம்பியைப் பிடித்து, இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, டாக்டர் கொடுத்த சீட்டைக் கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார்.

"அடுத்த செவ்வாயும் பத்து மணிக்கு. லேட்டாக்காதீங்க."